அந்தி வெயிலில் ஒரு குதிரைச் சவாரி



எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கடந்த ஆண்டு ஒரு பயண நிறுவனத்தின் நாட்காட்டி தொங்கியது. அதன் டிசம்பர் மாதப் படம் ஏதோ ஒரு வெப்பமண்டலத் தீவின் கடற்கரை. தென்னைகள் சாய்ந்து நிற்கின்றன. சூரியன் கடலில் இறங்குகிறது. அலை நுரையில் குளம்பு நனைய, வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஒரு குடும்பம் குதிரைகளில் வரிசையாகப் போகிறது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஜனவரியிலேயே அவள் டிசம்பர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். அன்று முதல் ஒரே கேள்வி: "அப்பா, இந்தத் தீவுக்கு எப்போது போவோம்?"

கொல்கத்தாவில் மாதச் சம்பளத்தில் வாழும் நம்மைப் போன்றோருக்குத் தீவும் விமானமும் எட்டாதவை. எனினும் எட்டுகிற தூரத்தில் ஒரு கடல் இருக்கிறது. ஹவுராவில் காலை ரயிலேறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் திகா வந்துவிடும். 2004-ஆம் ஆண்டில் ரயில் பாதை அவ்வூர்வரை நீண்டபிறகு, வங்காளத்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது வீட்டு முற்றம் போல ஆகிவிட்டது. கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் சபையின் சில குடும்பங்கள் சேர்ந்து அங்கே மூன்று நாள் தங்கினோம். தூத்துக்குடியையும் நாகர்கோவிலையும் சென்னையையும் விட்டு வந்தவர்களுக்கு அலைச் சத்தம் கேட்டாலே பாதி இளைப்பாறுதல்.

புதிய திகா கடற்கரை அகலமானது. நீர் வற்றும் வேளையில் ஈர மணல் நெடுந்தூரம் கண்ணாடி போலக் கிடக்கும். அங்கேதான் குதிரைகள் நிற்கின்றன. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நாம் சிறுவயதில் பார்த்த அதே காட்சி: வண்ணத் துணி போர்த்திய சேணம், கழுத்தில் மணி, நெற்றியில் குஞ்சம், கடிவாளக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பையன். மகள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

நான் கூலியைப் பேசி முடித்துவிட்டேன். அவளைத் தூக்கிச் சேணத்தில் வைக்கக் கையை உயர்த்திய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பி, கொஞ்சம் பொறு. அந்தக் குதிரையை நாலடி நடக்கவிடச் சொல்லு."

சொன்னவர் எங்கள் சபையின் மூத்த விசுவாசி. எண்பது வயதைக் கடந்தவர். மகனோடு வாழக் கொல்கத்தாவுக்கு வந்தவர். ஞாயிறுதோறும் முன் வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நான் அதிகம் அறிந்ததில்லை. வாலிபத்தில் அவர் பாளையங்கோட்டையில் ஜட்கா வண்டி ஓட்டினவர் என்பது அந்த மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

பையன் குதிரையை நடத்தினான். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெரியவர் மட்டும் தலையை ஆட்டினார். "தலையைப் பார். ஒவ்வொரு எட்டுக்கும் மேலே தூக்குது பார். நோகிற முன்னங்கால் தரையிலே படும்போது பாரம் தாங்காமல் தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். இது நொண்டிக் குதிரை, தம்பி. பாப்பாவை ஏற்றாதே."

பிறகு பார்த்தால், என் கண்ணுக்கும் அது பளிச்சென்று தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் எப்படித் தெரியாமல் போனது என்று வெட்கமாக இருந்தது. அவர் சேணத்துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். வயிற்றுவார் அழுத்தும் இடத்தில் மயிர் உதிர்ந்து, கைப்பிடி அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. வாருக்கும் தோலுக்கும் இடையே மணல் புகுந்துவிட்டால் அது அரம்போல அறுக்குமாம்.

பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். பீகாரிலிருந்து வந்தவன். குதிரை அவனுடையது அல்ல. முதலாளிக்கு நாள் வாடகை கட்ட வேண்டும். அவன் கோபப்படவில்லை. இந்தியில் மெல்லிய குரலில் ஒன்றைத்தான் சொன்னான்: "நீங்கள் ஏறாவிட்டால் இன்று இதற்குக் கடலை வாங்க முடியாது, பாபு."

இதற்கு என்ன பதில் சொல்வது? ஏறினால் குதிரைக்கு வலி. ஏறாவிட்டால் குதிரைக்குப் பட்டினி. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மகள் அழத் தொடங்கினாள். சூரியன் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம்.

முடிவில் பேசிய கூலியைக் கொடுத்தேன். சவாரிக்குப் பதிலாக அந்தக் குதிரையை வெறும் முதுகோடு எங்களுடன் நடத்தி வரச் சொன்னேன். பையன் எங்களை விசித்திரமாகப் பார்த்தான். பிறகு சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றின் நுனியை மகளிடம் கொடுத்தான். அவள் அழுகையை மறந்து, குதிரையின் இடப்பக்கத் தோளருகே ஒரு பர்லாங் தூரம் நடந்தாள். நாட்காட்டிப் படத்தில் இல்லாத சவாரி அது.

அன்று இரவு விடுதியின் மொட்டை மாடியில் குடும்ப ஜெபம். நீதிமொழிகள் 12:10-ஐ ஒருவர் வாசித்தார். நீதிமான் தன் வளர்ப்பு மிருகத்தின் ஜீவனைக் கருதுகிறவன் என்னும் அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதற்கு வயிற்றுவார்ப் புண்ணின் நிறம் உண்டு என்று அதற்கு முன் நினைத்ததில்லை. ஜெபத்துக்குப் பின் விவாதம் எழுந்தது. ஒரு சகோதரர், "விசுவாசிகளுக்குக் குதிரைச் சவாரி தகுமா? குதிரை என்றாலே பந்தயம்தான் நினைவுக்கு வருகிறது" என்றார். கொல்கத்தாவில் வாழ்கிறவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. 1847-இல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல், விக்டோரியா நினைவகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே சம்பளத்தைத் தொலைத்த தகப்பன்மார் எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் சூதாட்டம் மனிதனுடைய பாவம். குதிரை பந்தயச் சீட்டு வாங்குவதில்லை. யோபு 39-ஆம் அதிகாரத்தில் தேவன் தாமே குதிரையின் வலிமையையும் பிடரியையும் வியந்து பேசுகிறார். சகோதரரும் அதை ஒத்துக்கொண்டார்.

இன்னொருவர் கேட்டதுதான் கடினமான கேள்வி. "நொண்டிக் குதிரைக்குக் கூலி கொடுத்தீர்களே, நாளைக்கும் அதையே கொண்டு வருவானே? நீங்கள் செய்தது இரக்கமா, இல்லை அந்த முதலாளிக்குச் செய்த உதவியா?" நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அந்த மாலையில் கடலை வாங்கக் காசு தேவைப்பட்டது; கொடுத்தேன். அவ்வளவுதான்.

அப்போது பெரியவர் யாத்திராகமம் 23:12-ஐத் திருப்பச் சொன்னார். ஓய்வுநாள் எதற்காக என்று அங்கே கூறப்பட்டிருக்கிறது: எருதும் கழுதையும் இளைப்பாறவும், அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறவும். வேலை செய்யும் மிருகமும், ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் அந்நியனும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்கிறார்கள். "அந்தப் பையனையும் அந்தக் குதிரையையும் ஆண்டவர் ஒரே வரியிலே எழுதி வைத்திருக்கிறார்" என்றார் பெரியவர். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் ஹவுரா நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தாமே.

ஜட்காக்காரராயிருந்த பெரியவருக்கு அன்று இரவு பேச்சு நிற்கவில்லை. பிலேயாமின் கழுதையைப் பற்றிச் சொன்னார். மூன்று முறை அடிபட்டும் அது நகரவில்லை, அது கண்ட தூதனைத் தீர்க்கதரிசி காணவில்லை (எண். 22). "மிருகம் நின்றால் காரணம் இருக்கும். சாட்டையை எடுக்கும் முன்னே காரணத்தைத் தேடணும். என் முதலாளி எனக்குச் சொன்ன முதல் பாடம் அது. அவர் கிறிஸ்தவர்கூட இல்லை."

நமது கடற்கரைகளுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது, சோகமானதும்கூட. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அவற்றுக்குப் பெரும் விலை கொடுக்கப்பட்டதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் பெரும்பாலானவை மாண்டுபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். லாடம் கட்டுவோரையும் வைத்தியம் அறிந்தோரையும் வியாபாரிகள் வேண்டுமென்றே அனுப்பவில்லையாம். குதிரை செத்தால்தானே மறு ஆண்டு வியாபாரம்! பணம் இருந்தது, குதிரை இருந்தது. அதைக் கவனிக்கும் அறிவு மட்டும் கரை ஏறவில்லை.

தமிழர் தீவு ஒன்றிலும் குதிரைகள் உண்டு என்று மகளுக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, குறிகட்டுவானில் படகேறிச் செல்லும் நெடுந்தீவில், போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற குதிரைகளின் வம்சம் இன்றும் மேய்ப்பனில்லாமல் திரிகிறது. அவற்றின்மேல் சேணமில்லை, சவாரி செய்வோருமில்லை. ஆனால் கோடையில் குளங்கள் வற்றினால் தண்ணீரில்லாமல் செத்து விழுகின்றன. மனிதன் ஏறினாலும் துன்பம், கைவிட்டாலும் துன்பம் என்றால் குதிரைதான் எங்கே போகும்?

கொல்கத்தாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டல்ஹவுசி சதுக்கத்தில், ரைட்டர்ஸ் கட்டடத்தின் அருகே ஒரு கூர்நுனித் தூண் நிற்கிறது. அலுவலகம் செல்லும் அவசரத்தில் நம்மில் எத்தனை பேர் அதை ஏறிட்டுப் பார்த்திருக்கிறோம்? கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஆங்கில ஓவியரின் நினைவுத் தூண் அது. பாரம் இழுத்துத் துன்புறும் மிருகங்களுக்காக அவர் 1861-இல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை இந்நகரத்தில் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய சங்கங்களில் அதுவே முதலாவது. அதற்கு முன்மாதிரியான லண்டன் சங்கம் 1824-இல் ஆர்தர் புரூம் என்ற போதகரின் முயற்சியால் உருவானது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்சும் அந்த முதற்கூட்டத்தில் இருந்தவர். மிருகத்தின்மேல் இரக்கம் காட்டுவது ஊழியத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று நினைக்கிற நமக்கு இந்த வரலாறு சற்றுச் சங்கடமானதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, புண்ணோ நோயோ முடமோ உள்ள மிருகத்தை வேலை வாங்குவது குற்றம். மும்பையில் 'விக்டோரியா' குதிரை வண்டிகளை 2015-இல் உயர்நீதிமன்றம் சட்டவிரோதமானவை என்று தீர்த்தது. நம் மைதானத்துக் குதிரைகளின் வழக்கும் கல்கத்தா உயர்நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. குதிரைகளை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்போரும் உண்டு. அவர்களுடைய வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுத்துகிற அன்று அந்தப் பையனுக்கு என்ன, அந்தக் குதிரைக்கு என்ன என்பதையும் அதே தீர்ப்பில் எழுத வேண்டும்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, பெரியவர் முன்னே கைத்தடியோடும் நாங்கள் பின்னேயும், கடற்கரைக்குப் போனோம். இம்முறை அவர் குதிரைகளை ஆராய்ந்ததைப் பார்க்க ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது.

முதலில் எல்லாக் குதிரைகளையும் தூரத்தில் நின்று பார்த்தார். பின்புறமாக ஒருபோதும் போகவில்லை. குதிரைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய முழுவட்டமும் தெரியும். நேர் பின்னால் தெரியாது, அங்கிருந்து வருவதைத்தான் அது உதைக்கும் என்றார். காதுகளைக் கவனிக்கச் சொன்னார். முன்னோக்கியோ பக்கவாட்டிலோ அசைந்தால் பயமில்லை. பின்னால் ஒட்டி மடிந்திருந்தால் விலகிவிட வேண்டும். பிறகு இடத் தோளருகே சென்று, கழுத்துத் தோலை விரலால் கிள்ளி இழுத்துவிட்டார். உடனே பழையபடி படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. மடிப்பு நின்றுகொண்டே இருந்தால் தாகத்தில் தவிக்கிறது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர்வரை நல்ல தண்ணீர் வேண்டும்; வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். மனிதனைப் போலவே அதற்கும் வியர்வையில் உப்பு போய்விடும். கண்ணெதிரே இத்தனை பெரிய கடல் இருந்தும் அதில் ஒரு வாய்கூட அது குடிக்க இயலாது என்பதை அவர் சொன்னபோது மகள் கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

வாயின் ஓரங்களில் வெட்டுக்காயம் உண்டா என்றும் பார்த்தார். கடிவாள இரும்பில் முள் வைப்பது சட்டப்படி குற்றம். குளம்பைத் தூக்கி லாடம் தளர்ந்திருக்கிறதா என்று தட்டினார். மூன்றாவதாக நின்ற பழுப்புக் குதிரையின் முதுகை நெடுக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "இது போகலாம்" என்றார். யார் ஏறலாம் என்பதிலும் அவர் கண்டிப்பானவர். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கலாகாது என்பது பொதுவான கணக்கு. கடற்கரை மட்டக்குதிரை இருநூற்றைம்பது கிலோ இருந்தால், சேணத்தையும் சேர்த்து ஐம்பது கிலோதான். எழுபத்தெட்டுக் கிலோவில் இருக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். தகப்பனும் பிள்ளையும் ஒரே குதிரையில் ஏறிப் படம் எடுக்கும் வழக்கம் அங்கே எவ்வளவு சாதாரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என் மனைவி, தன் எடையை யாரும் கேட்குமுன் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

ஆக, மகள் மட்டும். மிதிவண்டிக்காக வாங்கிய தலைக்கவசத்தை அவளுக்குப் போட்டோம். கடற்கரையில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் குதிரையின் முதுகு அவள் தலைக்கு மேலான உயரம். ஈர மணல் கல்லைப் போல இறுகியிருக்கும். விழுகிறவனுக்கு அது மெத்தை அல்ல. செருப்பைக் கழற்றி மூடிய காலணி போட்டோம். அங்கவடிக்குள் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்க வேண்டும். முழுப் பாதமும் நுழைந்தால் விழும்போது கால் சிக்கிக்கொண்டு இழுபட நேரிடும். இடப்பக்கமிருந்து ஏறினாள்.

வழிநடத்தியவன் வேறு யாருமல்ல, முந்தைய நாள் பையனேதான். நொண்டிக் குதிரை கொட்டகையில் கட்டப்பட்டிருப்பதாகவும், தன் கூட்டாளியின் குதிரையை இன்று தான் பிடிப்பதாகவும் சொன்னான். அது உண்மையா என்று பெரியவர் கொட்டகைவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உண்மைதான்.

எந்த மணலில் நடத்துவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேலே உலர்ந்த மணலில் கால் புதையும். ஒவ்வொரு எட்டும் நரம்பை இழுத்து வலிக்கச் செய்யும். அலை நுரையிலும் அடி தெரியாது. நீர் வற்றிய பிறகு இறுகிக் கிடக்கும் ஈரப் பட்டைதான் குதிரைக்குச் சாலை. நீர் பெருகும் வேளையில் அந்தப் பட்டையே இருக்காது. ஆகவே அலையின் நேரத்தைக் கேட்டறிந்து போவது நல்லது. பையன் அதைச் சொல்லாமலே அந்தப் பட்டையில் நடத்தினான். ஒடிசா எல்லையிலுள்ள உதயப்பூர்க் கடற்கரையின் திசையில், மேற்கு நோக்கி நடந்தார்கள். நான் பக்கத்தில் நடந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் மகள் சேணத்தின் முன்வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கடிவாள வாரையும் தன் பக்கம் இழுத்தாள். குதிரை தலையை உதறியது, நடை தடுமாறியது. "விடு, வாரைத் தளரவிடு" என்று பையன் இந்தியில் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். பயந்தவனின் கை இழுக்கத்தானே செய்யும்.

எனக்கு ஜான் வெஸ்லி நினைவுக்கு வந்தார். ஊழியத்துக்காகப் பல ஆண்டுகள் குதிரையில் பயணம் செய்தவர் அவர். சவாரியின்போதே புத்தகமும் வாசிப்பார். 1770-ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் ஒரு விந்தையைப் பதிவு செய்திருக்கிறார். வாசிக்கும்போது தம் குதிரை இடறுவதேயில்லை, ஏன் என்று யோசித்தாராம். வாசிப்பதற்காக வாரைக் குதிரையின் கழுத்தில் தளரவிட்டதுதான் காரணம் என்று கண்டுகொண்டார். வாரைத் தளரவிட்டு லட்சம் மைலுக்கு மேல் சவாரி செய்தும், எப்படியும் விழுந்தே தீரும் இரண்டு குதிரைகளைத் தவிர வேறொன்றும் தம்மை விழவைத்ததாக நினைவில்லை என்கிறார். இதை மகளுக்குச் சொன்னேன். "அந்தத் தாத்தா புத்தகம் படித்தாரா, குதிரைமேலா?" என்று சிரித்தாள். சிரித்தபோது கை தானாகத் தளர்ந்தது. குதிரை தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஒரு நீண்ட மூச்சுவிட்டு, சீராக நடந்தது.

அதன்பின் யாரும் பேசவில்லை. சூரியன் சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் கடலோரமாய்ச் சரிந்தது. ஈர மணல் முழுதும் செம்பு நிறம். குதிரையின் நிழலும் பிள்ளையின் நிழலும் பையனின் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து எங்களுக்குப் பின்னே நீண்டு கிடந்தன. குளம்பு பதிந்த இடங்களில் நீர் ஊறி, ஒவ்வொன்றும் ஒரு சிறு கிண்ணமாய் வெளிச்சத்தைப் பிடித்தது. கழுத்து மணி மட்டும் ஒலித்தது. குதிரைகளின் மணிகளிலும் கர்த்தருக்குப் பரிசுத்தம் என்று எழுதப்படும் ஒரு நாளைச் சகரியா முன்னறிவித்திருக்கிறார் (சக. 14:20). அலங்காரக் கடையில் வாங்கிய அந்தப் பித்தளை மணியில் அப்போது எழுத்து ஒன்றும் இல்லை. நாட்காட்டிப் படம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

திரும்பும்போது பையன் தன்னைப் பற்றிச் சற்றுப் பேசினான். தீபாவளி, சத் பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லை. கூட்டம் வரும் நாட்கள் என்பதால் முதலாளி விடவில்லை. குதிரைகளுக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விடுப்பில்லை. நாம் இளைப்பாற வருகிற நாட்கள்தாம் அவர்களுக்கு இளைப்பாறுதல் இல்லாத நாட்கள். இதை அவன் குறையாகச் சொல்லவில்லை, கணக்குப்போல ஒப்பித்தான். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

சவாரி முடிந்து குதிரைக்குத் தீனி வைத்தபோது பெரியவர் மறுபடியும் நெற்றியைச் சுருக்கினார். ஊறவைத்த கடலையும் தவிடும் மணல்மேலேயே கொட்டப்பட்டிருந்தன. குதிரை ஒவ்வொரு வாயிலும் மணலையும் சேர்த்து விழுங்கியது. "இது வயிற்றிலே தங்கிக் கட்டிக்கும், தம்பி. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் புரண்டு புரண்டு சாகும். நான் ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன்." அவர் அந்தக் குதிரையின் பெயரைச் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு முன் செத்த குதிரையின் பெயர். அவர் குரல் அப்போது மாறிவிட்டது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

மூன்றாம் நாள் காலை, ரயிலுக்கு முன், பெரியவர் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் நான்கு வாங்கினோம். இரண்டு தீனிக்கு, இரண்டு தண்ணீருக்கு. ஜெபத்தில் காணிக்கை எடுத்த பணம் அது. மிருக வைத்தியரை ஒருமுறை அழைத்துக் காலைக் காட்டும்படி மீதியைப் பையனிடம் கொடுக்கலாம் என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் கையிலே கொடுத்தால் முதலாளி வாங்கிக்குவான்" என்று சொல்லி, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வைத்தியரிடம் தாமே படியேறிப் போய்க் கட்டணத்தைக் கட்டி, இரசீதைப் பையனிடம் கொடுத்தார். எண்பது வயதில் அந்தப் படிகளை அவர் எப்படி ஏறினார் என்று அவருடைய மகன் இன்றும் என்னைக் கடிந்துகொள்கிறார்.

கொட்டகையில் நொண்டிக் குதிரை ஒரு காலை மடக்கி நின்றிருந்தது. பையன் ஒரு தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பினான். மகள் அதன் இடப்பக்கத் தோளருகே, பெரியவர் கற்றுக்கொடுத்தபடியே, கையை முகரக் கொடுத்துவிட்டு நின்றாள். குதிரை முகவாயைத் தண்ணீரில் அமிழ்த்தியது. ஒவ்வொரு மிடறும் கழுத்தின் வழியே கீழே இறங்குவது வெளியே தெரிந்தது. மகள் அதை எண்ணத் தொடங்கினாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று என் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். முப்பத்தேழுவரை எண்ணிய பிறகும் அது குடித்துக்கொண்டிருந்தது.